டெல்மரின் பன்னிரண்டாவது சட்டை வால்

என் அக்கா ஓப்பலுக்கு ஐந்து பிள்ளைகள். நாலு பேர் உருப்பட்டார்கள். ஐந்தாவது டெல்மர்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அப்பன் வழி அப்படி. ஸ்ட்ராடர் குடும்பத்தில் அக்காவைக் கொடுக்காதீர்கள் என்று பதினாறு வயதிலேயே நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? மாப்பிள்ளை ஓட்டிஸ் ஸ்ட்ராடரின் பெரியப்பா லெஸ்டர், பனிமூட்டத்தில் மான் என்று நினைத்துத் தன் சொந்தக் கோவேறு கழுதையைச் சுட்டவர். நெற்றிப்பொட்டில் ஒரே குண்டு. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் குறி தப்பாமல் போய்ச் சேர்ந்த குண்டு அது ஒன்றுதான். ஓட்டிஸின் தம்பி வர்ஜில், மரக்கிளையில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருந்தவர், கண் அயர்ந்து கீழே விழுந்தார். விழுந்தது கீழே படுத்திருந்த மானின் மேல். மான் எழுந்து போய்விட்டது. வர்ஜிலுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. இந்த வம்சத்தில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்?

டெல்மர் கோழிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டினான். எங்கள் ஓசார்க் மலையில் ஆடு ஏறத் தயங்குகிற மண் ரோட்டிலும் அவன் லாரி ஏறும். அவன் கை வைத்த இஞ்சின் ஓடும், அவன் கூப்பிட்ட நாய் வரும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் அடித்தொண்டையில் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கடவுள் இவ்வளவையும் கொடுத்துவிட்டுத் துப்பாக்கி பிடிக்கும் கையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். கையைக் கொடுக்காதவர் ஆசையையாவது கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

மான் சீசன் நவம்பரில் ஒரு சனிக்கிழமை திறக்கும். அதற்கு முந்தின நாளே பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். மூடாவிட்டாலும் வாத்தியாரே வரமாட்டார். வான்கோழி ஓடைக்கு மேலே என் அப்பா தகரமும் தார்க்காகிதமும் வைத்துக் கட்டிய கொட்டகை ஒன்று இருக்கிறது. குடும்பத்து ஆம்பிளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. மானைத் தப்பவிட்டவன் மதியம் திரும்பியதும் எல்லோருக்கும் நடுவில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சட்டையின் பின்பக்கம் தொங்குகிற வாலை ஒருவர் கத்திரியால் வெட்டி எடுப்பார். அதில் பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்போம். இது இந்த மலையில் எல்லாக் கொட்டகையிலும் உள்ளதுதான். என் அப்பா அதோடு இன்னொன்றும் சேர்த்தார். வெட்டியவர் அடுத்த வருஷம் திறப்பு நாளன்று, வெட்டுப்பட்டவனோடு ஒரே இடத்தில் உட்கார வேண்டும். சிரிப்பதற்கென்றே கத்திரியைத் தூக்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், சிரித்தவனும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று வைத்த விதி அது.

டெல்மர் விஷயத்தில் விதி எங்களையே கடித்தது. சுவரில் அவன் வால் பதினொன்று. முதல் இரண்டு மூன்று வருஷம் அவனை வெட்டப் போட்டி இருந்தது. பிறகு, அவனோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தவர்கள் கத்திரியைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அவன் உட்கார்ந்தால் பை திறக்கும், ஜிப் மூடும், தொண்டை செருமும், வேர்க்கடலை உடையும். மான் எதற்கு அந்தப் பக்கம் வரப்போகிறது, கடலை பொறுக்கவா? கடைசியில், “நீங்கதானே தாய்மாமன்” என்று சொல்லி என் கையில் கத்திரியைத் திணித்தார்கள். ஆறு வருஷம் தொடர்ந்து வெட்டினேன். அதில் ஐந்துக்கு அவனோடு உட்கார்ந்தும் தீர்த்தேன். என் ஆயுளில் ஐந்து நவம்பர் அப்படிப் போயிற்று.

அவனிடம் முழுச்சட்டை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. குனிந்தால் முதுகில் காற்றடிக்கும். அவன் பெண்டாட்டி கார்லீன் ஒருமுறை சர்ச் வாசலில் வைத்தே கேட்டாள்: “நான் கட்டினது புருஷனையா, முக்கால் புருஷனையா?”

அவள் பிரிந்து போனது சட்டையினால் அல்ல. மகள் நெல்டா பிறந்த அன்று இவன் கீழ்ப் பண்ணைக்காரனின் டிராக்டரைப் பள்ளத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். நெல்டாவின் ஐந்தாவது பிறந்தநாளன்று கேக் மேல் மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தபோதும் இழுத்துக்கொண்டிருந்தான். அதே ஆள், அதே டிராக்டர். பள்ளம்கூட அதேதான். ஊருக்கெல்லாம் ஓடி ஓடி உதவுகிறவனின் வீட்டில் அடுப்புக்கு விறகு இருக்காது என்பது பொய்யில்லை. கார்லீன் மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், காப்பீடு விற்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷர். ஒரு நாளும் முதுகு தெரியாதவர். மாதம் ஒரு சனி, ஞாயிறு நெல்டா அப்பனிடம் வந்து போவாள்.

அந்த வருஷம் அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அந்த மாதத்து முறை, மான் சீசன் திறக்கிற நாளில் விழுந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கார்லீன் மகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டாள். காரிலிருந்து இறங்கவில்லை. நானும் என் மகன் ஹாய்ட்டும் விறகு பிளந்துகொண்டிருந்தோம். காதை என்ன கழற்றியா வைக்க முடியும்?

“டெல்மர், கிறிஸ்மஸ் முடிஞ்சு நாங்க தல்சாவுக்குக் குடி போறோம். நாலு மணி நேர வழி.”

“தெரியும்.”

“இனிமே உன்கிட்ட வர்றதும் வராததும் அவ இஷ்டம்னு ஜட்ஜ் முன்னாடி நீயும் ஒத்துக்கிட்டே. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போக வர்றப்போ அவகிட்ட கேப்பேன். வரமாட்டேன்னு சொன்னா, நீ அவளை இழுக்கக் கூடாது.”

“இழுக்க மாட்டேன்.”

“தெரியும். நீ டிராக்டரைத்தான் இழுப்பே.”

ஹாய்ட் கோடாரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். டெல்மர் சிரிக்கவில்லை. மகளின் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அப்போதுதான் பார்த்தேன், புதுச் சட்டை போட்டிருந்தான். சிவப்புக் கட்டம், தடித்த துணி, பின்னால் முழு வால். கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

மகள் கண் முன்னால் ஒரு கொம்பு மான் விழுந்தால் போதும், பிறகு அவள் தல்சாவிலிருந்து நடந்தேகூட வருவாள் என்பது அவன் நினைப்பு. ஒன்றும் விழாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன சொல்வாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வேறு எதற்கும் பதறாதவன், அன்று மூன்று தடவை துப்பாக்கியைத் துடைத்தான்.

நெல்டா ஒல்லியான பெண். பேச்சு குறைவு, பேசினால் ஊசி. அவள் வந்ததும் வராததுமாகச் சுவரைத்தான் பார்த்தாள்.

“அப்பா, இந்தச் சுவர் பூரா ஒரே பேரா இருக்கே?”

“அது... நான் நிறைய வருஷமா வர்றேன்ல.”

“உங்கப்பாவுக்குத் தனியா ஒரு சுவரே எழுப்பணும்னு பேசிட்டிருக்கோம் கண்ணு” என்றான் ஹாய்ட். “இவ்வளவு துணியை வெச்சு ஜன்னலுக்குத் திரை தெச்சிருக்கலாம்.”

“உன் வாலும்தான் ரெண்டு தொங்குது மச்சான்” என்றான் டெல்மர்.

“ரெண்டு தொங்குனா மனுஷன் மாப்ளே. பதினொண்ணு தொங்குனா துணிக்கடை.”

நெல்டா என்னிடம் வந்து சட்டம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். வெட்டியவர் அடுத்த வருஷம் கூட உட்கார வேண்டும் என்பதையும், டெல்மரின் கடைசி ஆறு வாலைக் காட்டிச் சொன்னேன்.

“அப்போ இந்த ஆறையும் வெட்டினது நீங்களா தாத்தா?”

“நான்தான்.”

“ஒவ்வொரு தடவையும் அப்பா கூடவே உக்காந்தீங்களா?”

“உக்காந்தேன்.”

“பாவம்” என்றாள். எனக்கா, அவனுக்கா என்று சொல்லவில்லை.

இந்த வருஷமும் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பனும் மகளுமாக உட்காரட்டும், கிழவன் எதற்கு நடுவில் என்று பெரிய மனசு பண்ணி ஒதுங்கிக்கொண்டேன். நான் தியாகம் செய்வதாக நினைத்து டெல்மர் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை.

காட்டில் நடந்ததை நெல்டா சொன்னபடிதான் சொல்கிறேன். டெல்மர் சொன்னபடி சொன்னால் இரண்டு நாளாகும், அதிலும் மிருகம் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முழம் வளரும்.

விடியுமுன் கிளம்பினார்கள். டெல்மர் முகத்தில் கரி மை பூசிக்கொண்டான். பூட்ஸில் பெட்டைமான் மூத்திரம் தெளித்துக்கொண்டான். இது புட்டியில் விற்கிறது, ஆண் மானுக்கு அந்த வாசனை இழுக்குமாம். நாலு சொட்டு போதும் என்று எழுதியிருந்தது. இவன் அவசரத்தில் பாதிப் புட்டியைக் கால்சட்டையில் கவிழ்த்துக்கொண்டான். மேலே, மற்றவர்கள் மான் என்று சுட்டுவிடாமலிருக்க, ஆரஞ்சு அரைச்சட்டை. தலையில் என் மாமனார் காலத்து முயல்தோல் தொப்பி, இரண்டு பக்கமும் காது மூடுகிற மடிப்புகள் தொங்கும். அதன் மேல் ஒப்புக்கு ஓர் ஆரஞ்சு நாடா.

ஆனால் அவன் நம்பியிருந்தது இது எதையும் அல்ல; புதிதாக வாங்கிய ஊதலை. கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பெட்டைமான் குரல், ஆண் மானைக் கூப்பிட. இன்னொன்று குட்டிமான் மாட்டிக்கொண்டு அலறுகிற குரல். அட்டையில் எதில் கொம்பு பெரிதாகப் போட்டிருந்ததோ அதை டெல்மர் எடுத்தான். உள்ளே இருந்தது குட்டி அலறுகிற குரல். குட்டி அலறினால் காட்டில் யார் யார் வருவார்கள் என்பது கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முதலில் தாய் வரும். அதற்குப் பின்னாலேயே தின்ன வருகிறவன் வருவான்.

ஓடைச் சரிவில் விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல் அவன் உட்கார்ந்தான். நெல்டாவை நாலு எட்டு பின்னால், ஒரு தேவதாரு மரத்தடியில் உட்கார வைத்தான். இரண்டு பேர் மணிக்கட்டையும் ஒரு நூல் கயிற்றால் கட்டினான்.

“இங்க பாரு கண்ணு. வானமே இடிஞ்சு விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. மான் தெரிஞ்சா ஒரு தடவை இழு. ஒண்ணுக்கு வந்தா ரெண்டு தடவை இழு.”

“வேற ஏதாவது வந்தா?”

“வேற என்ன வரப்போகுது?”

விடிந்தது. டெல்மர் ஊதினான். நேர்மையாகச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஊதினான். சர்ச்சில் பாடுகிற நெஞ்சு. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே, ஐயோ பாவம் ஏதோ குட்டி மாட்டிக்கொண்டது, போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஒவ்வொரு தடவை ஊதும்போதும் தொப்பியின் காது மடிப்புகள் இரண்டும் படபடவென்று ஆடின.

வலது பக்கப் பாறை இடுக்கிலிருந்து பூனை ஒன்று எட்டிப் பார்த்தது. யாரோ வளர்க்கிற பூனை என்றுதான் நெல்டா முதலில் நினைத்தாள். அது வெளியே வந்தபோது வளர்க்கிற பூனையைப் போல இரண்டு பங்கு இருந்தது. பழுப்பு உடம்பில் புள்ளி, காது நுனியில் கறுப்புக் குஞ்சம், கன்னத்தில் கிருதா. வால் மட்டும் சாண் நீளம்கூட இல்லை. குட்டைவால் காட்டுப்பூனை. எங்கள் மலையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. மனுஷ வாடை பட்டால் தடம் தெரியாமல் போய்விடும். அன்று எங்கே மனுஷ வாடை? பாதிப் புட்டி மூத்திரம் அல்லவா காவல் இருந்தது.

அது நெல்டாவைப் பார்க்கவில்லை. அதன் கண் முயல்தோல் தொப்பியை விட்டு நகரவில்லை.

நெல்டா கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

மான் வருகிறது என்று டெல்மருக்கு ஒரே குஷி. மூன்று தடவை சேர்ந்தாற்போல் ஊதினான். மடிப்புகள் ஆடின. பூனை வயிறு தரையில் படப் பத்தடி முன்னால் வந்தது.

நெல்டா இரண்டு தடவை இழுத்தாள்.

டெல்மர் திரும்பாமலேயே கிசுகிசுத்தான்: “அடக்கிக்கோ கண்ணு. மான் வந்துட்டிருக்கு.”

பூனை இன்னும் நெருங்கியது. அதன் குட்டை வால் நுனி மட்டும் துடித்தது. நெல்டா மூன்று தடவை இழுத்தாள். மூன்றுக்குச் சட்டம் போடவில்லையே. டெல்மர் கொஞ்சம் யோசித்தான்.

“பசிக்குதா? பையில கடலை இருக்கு.”

பூனை பின்னங்காலை மண்ணில் ஊன்றிப் பதம் பார்த்தது. அவனுக்கும் அதற்கும் நடுவே ஒரு விளக்குமாறு நீளம்தான்.

“அப்பா” என்றாள் நெல்டா, சாப்பாட்டு மேசையில் பேசுகிற குரலில், “தொப்பியைக் கழட்டு.”

“என்னது?” என்று டெல்மர் திரும்பினான்.

பூனை பாய்ந்தது. தொப்பி போயிற்று. மண்டையில் நாலு நகக்கோடு விழுந்தது. டெல்மர் சர்ச் குரலில் அலறினான். துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தது, ஓக் மரத்தின் சுள்ளி ஒன்று ஒடிந்து அவன் தோளிலேயே விழுந்தது. சுள்ளியைக் குறி தப்பாமல் சுட்டான், அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நெல்டா சொன்னபோது கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மதியம் சோளரொட்டியும் பீன்ஸும் அடுப்பில் இருந்தன. டெல்மர் வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும். முகமெல்லாம் கரி, மண்டையெல்லாம் ரத்தம், அவனுக்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. நாய்கூட எழுந்து வெளியே போயிற்று. காயத்தில் விஸ்கியை ஊற்றினேன். மிச்சத்தை அவன் குடித்தான்.

“ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சு மாப்ளே” என்றான் ஹாய்ட். “இறைச்சி எங்க?”

“இறைச்சியா? உசுரோட வந்ததே பெரிசு. சிறுத்தை மச்சான்! கருஞ்சிறுத்தை! மூக்குல இருந்து வால் வரைக்கும் எட்டடி.”

எங்கள் மலையில் கருஞ்சிறுத்தை பார்க்காத குடும்பம் கிடையாது. அதன் முடி ஒன்றைக்கூடக் காட்டிய குடும்பமும் கிடையாது. வர்ஜில்கூட இடுப்பொடிந்ததற்குச் சிறுத்தைதான் காரணம் என்று சாகும்வரை சொன்னார்.

“எட்டடியா?”

“வால் மட்டுமே இவ்வளவு.” இரண்டு கையையும் விரித்தான். ஒரு கை அடுப்புக் குழாயில் இடித்தது.

எல்லோரும் நெல்டாவைப் பார்த்தோம். அவளும் எங்களைப் பார்த்தாள். டெல்மர் விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தான். அப்போது அவன் மூஞ்சியில் இருந்ததைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. ஏன்டா இந்தப் பிள்ளையைக் கேட்கிறோம் என்று இருந்தது. ஆமாம் என்று சொன்னால் பிள்ளை பொய் சொல்லும். இல்லை என்றால் அப்பன் அங்கேயே முடிந்தான், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போக வேண்டியதில்லை.

நெல்டா ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

“வால் இவ்வளவுதான்” என்று சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் விரித்துக் காட்டினாள். “அதையும் யாரோ வெட்டியிருந்தாங்க. அதுவும் எதையாவது தப்பவிட்டிருக்கும் போல.”

ஹாய்ட் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து சரிந்து கீழே விழுந்தான். நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. டெல்மர் கையை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

பிறகுதான் அவள் காலையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள், கயிறு, கடலை எல்லாம். சொல்லிக்கொண்டே வந்தவள், துப்பாக்கி வெடித்த இடத்தில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்பா துப்பாக்கியைத் தூக்கித் தூர எறிஞ்சுட்டார். பூனை என் மேல பாயப்போகுதுன்னு நெனச்சு ஓடிவந்து என் மேல கவுந்து படுத்துட்டார். மூச்சு முட்டுச்சு. அந்த நாத்தம் வேற. பூனை அந்தப் பக்கம் உக்காந்து தொப்பியை உதறிப் பாத்துச்சு, மோந்து பாத்துச்சு, துப்பிட்டு நடந்தே போயிடுச்சு. ஓடக்கூட இல்ல. போயிடுச்சுப்பா எழுந்திருன்னு சொன்னேன். எழுந்திருக்கல. அப்போ சரிவுல ஒரு மான் வந்து நின்னுச்சு. பெரிய கொம்பு. ஒரு பக்கத்துக்கு அஞ்சு முனை. அப்பா கை இடுக்கு வழியா எனக்குத் தெரிஞ்சுது. அப்பா, மான்னு சொன்னேன்.”

“உங்கப்பா என்ன சொன்னான்?” என்றான் ஹாய்ட். சிரிப்பு நின்றிருந்தது.

“‘மான் கெடக்குது, நீ அசையாதே, பூனை திரும்பி வரும்’னார். மான் ரொம்ப நேரம் நின்னு எங்களையே பாத்துட்டுப் போச்சு.”

எட்டடிச் சிறுத்தையை வளர்த்தவனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை, பாருங்கள். ஒரு மணி நேரமாக வாலை நீட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டான். கேட்டால், “அதுல சொல்றதுக்கு என்ன மாமா இருக்கு?” என்கிறான். ஸ்ட்ராடர் மூளை. பொய்யில் தாராளம், நிஜத்தில் கஞ்சம்.

இப்போது சட்டப் பிரச்சினை வந்தது.

“வெடிச்சது வெடிச்சதுதான்” என்றான் ஹாய்ட், பழைய ஹாய்ட்டாக மாறி. “குண்டு போச்சு, இறைச்சி வரல. வாலை வெட்டணும்.”

“நான் மானைச் சுடவே இல்லையே மச்சான்! சுட்டாத்தானே தப்பும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்தேன். அவன் சொன்னது சரி. சுள்ளிக்குச் சட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக டெல்மர் நிரபராதி. அதுவும் முழுச்சட்டையோடு. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“வெட்டணும் தாத்தா” என்றாள் நெல்டா.

டெல்மரின் முகம் விழுந்துவிட்டது. “கண்ணு, நீயுமா?”

“மானைத் தப்பவிட்டா வெட்டணும்னுதானே நேத்து சொன்னீங்க? சுட்டுத்தான் தப்பவிடணும்னு சொல்லலையே. மான் வந்து நின்னுச்சு. அப்பா விட்டுட்டார். நானே பாத்தேன்.” எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினாள். “கத்திரியைக் குடுங்க.”

நான் அவளை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வெட்டுறது சுலபம். வெட்டினவங்க அடுத்த வருஷம் திறப்பு நாளன்னிக்கு இவன் பக்கத்துல வந்து உக்காரணும். அது தெரியும்ல?”

“நேத்தே சொன்னீங்க தாத்தா.”

“கடலை உடைப்பான்.”

“தெரியும்.”

“ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவான்.”

“தாத்தா, கத்திரி.”

கொடுத்தேன். ஆறு வருஷத்துச் சிறை என் கையை விட்டுப் போன சுகத்தை என்னவென்று சொல்ல.

“அப்பா, திரும்பி நில்லு” என்றாள்.

டெல்மர் திரும்பி நின்றான். வழக்கமாக இந்த இடத்தில் எங்களை வசைபாடுவான். ஹாய்ட் பதிலுக்கு ஏதாவது சொல்வான். அன்று சட்டை வாலைத் தானே வெளியே இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். நெல்டா புதுச் சட்டையின் வாலை இழுத்துப் பிடித்து வெட்டினாள். தடித்த துணி, சின்னக் கை; கோணல்மாணலாக, இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. நாங்கள் யாரும் அவ்வளவு வெட்டியதில்லை. தானே பேர் எழுதினாள், வருஷம் எழுதினாள். ஆணி அடிக்க எட்டவில்லை. ஹாய்ட் தூக்கிப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கார்லீன் வந்தாள். டெல்மரின் மண்டையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது? மூக்கைப் பொத்திக்கொண்டு மகளிடம் மட்டும் கேட்டாள்.

“சொல்லும்மா. அடுத்த வருஷம் வர இஷ்டம் இருக்கா, இல்லையா?”

நெல்டா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இஷ்டமெல்லாம் இல்லம்மா” என்றாள். “வந்துதான் ஆகணும். சட்டம்.”

கார்லீன் டெல்மரைப் பார்த்தாள். இதில் ஏதோ சூது இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்கிற பார்வை. டெல்மர் முதுகில் காற்றடிக்க நின்று, கார் ஓடையைத் தாண்டி மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் கீழ்ப் பண்ணைக்காரன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, தன் டிராக்டர் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்றான்.